இலைக்குள் போன வெள்ளைக் கோடு

ஆறே முக்கால் சங்கு ஊதியது. தாட்சாயிணி அரிசி களைந்த தண்ணீரை எலுமிச்சை மரத்தின் அடியில் ஊற்றினாள்.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் கடைசி வரிசை அது. இரண்டு வீடுகளின் பின்வாசலுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு சுவர். மரம் சுசீலாவின் பக்கம் நின்றது. கிளைகளில் பாதி தாட்சாயிணியின் பக்கம் சாய்ந்திருந்தது. சுவரின் மேல் ஒரு நீல மக் எப்போதும் இருக்கும். அது யார் வீட்டுடையது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

தாட்சாயிணி தென்காசியிலிருந்து வந்தவள். சுசீலா பக்கத்துத் திருமுல்லைவாயல். தாட்சாயிணியின் கணவர் சம்பந்தமும் சுசீலாவின் கணவன் உத்தமனும் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். பெண்கள் இருவரும் சுவரைத் தாண்டித்தான் போய் வருவார்கள். முன்வாசல் வழியாகப் போவது விருந்தாளிகளின் பழக்கம்.

சுசீலாவுக்கு நிவேதிதா பிறந்தபோது காய்ச்சல் விடவில்லை. பால் வற்றிவிட்டது. தாட்சாயிணியின் மகன் ஸ்ரீகாந்த் அப்போது கைக்குழந்தை. அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். பின்னால் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. நிவேதிதா மட்டும் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

இப்போது நிவேதிதாவுக்கு ஏழாம் மாதம். ஐயப்பன்தாங்கலில் மாமியார் வீட்டில் இருந்தாள். வளைகாப்பை ஆவடியிலேயே வைப்பதென்று முடிவாகியிருந்தது. எலுமிச்சைச் சாதத்துக்கு வீட்டு மரத்துப் பழம். முதல் வளையல் போடுவது தாட்சாயிணி. இதை யாரும் தனியாகப் பேசி முடிவு செய்யவில்லை. வேறு யார் போடுவார்கள்?

போன வருஷம் தாட்சாயிணியின் வலது கை விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டோரம். ஆஸ்பத்திரியில், இது வெண்புள்ளி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். சுவரருகே வந்து சுசீலாவிடம் கையைக் காட்டினாள்.

"அதுக்கின்னாக்கா. போவப்போவ சரியாப் பூடும்" என்றாள் சுசீலா. அந்தக் கையிலேயே அன்று சுட்ட முறுக்கை வைத்தாள்.

அவளுக்கு அப்போது பயம் இல்லை.

ஆவணியில் சாயங்கால மழை பெய்தது. எலுமிச்சை துளிர்த்தது. வெளிர்பச்சைத் தளிர்கள் இரண்டு பக்கமும் நிறைந்தன. சில நாளில் அந்தத் தளிர்களில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நத்தை போன தடம்போல வளைந்து வளைந்து ஓடின. இலையின் ஓரம் சுருண்டது.

பூக்காரி துலுக்கானம்தான் அதை முதலில் பார்த்தாள். பின்வாசலில் கூடையை இறக்கி, மல்லியை முழம் போட்டுக்கொண்டே மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது? பக்கத்தூட்டு அக்கா கையில கீற மாரியே உன் செடிக்கும் வந்துகீது. தினம் தொட்டுத் தொட்டுத் தண்ணி ஊத்துனா ஒட்டிக்காதா பின்ன?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொசுறாக ஒரு சாண் பூ கிள்ளிக் கொடுத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புவதற்குள் அவளுக்கே அது மறந்திருக்கும்.

சுசீலாவுக்கு மறக்கவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தாள். கோடு கண்ணாடிபோல மினுங்கியது. பழைய இலைகள் கரும்பச்சையாக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தன. தாட்சாயிணியின் கை படாத உச்சிக் கிளையின் தளிரிலும் கோடு இருந்தது. இரண்டையும் அவள் பார்த்தாள். ஆனால் யோசிக்கவில்லை. பயம் வந்தவர்கள் தங்கள் பயத்துக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்து வந்த உத்தமனிடம் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"மன்சன் நோவு செடிக்கு எப்டிம்மே வரும்? மருந்தட்ச்சா போச்சு."

"செடிக்கே வந்துச்சுன்னா, வயித்துல கீற புள்ளைக்கு வராதா?"

உத்தமன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறக்கப் போகும் பேரக்குழந்தை அவன் கண்முன்னால் வந்துவிட்டது. டீ ஆறியது.

மறுநாள் காலை சுவரின் மேல் மக் இல்லை. தாட்சாயிணி சற்று நேரம் தேடினாள். பிறகு தன் வீட்டுச் சொம்பை எடுத்து வந்து ஊற்றினாள். சுசீலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் அரிவாளை எடுத்து, தாட்சாயிணியின் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளை வெட்டினான். தளிரும் பிஞ்சுமாகக் கிளைகள் அந்தப் பக்கம் விழுந்தன. வெட்டும்போது அவன் அந்த வீட்டை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "போதுமா?" என்று மட்டும் கேட்டான்.

தாட்சாயிணி வெளியே வந்தாள். விழுந்த கிளைகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் முதல் அவள் அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். சங்கு ஊதியதும் அந்தச் சத்தம் கேட்கும். சுசீலா அடுப்படியில் நின்று அதைக் கேட்பாள். சில நாள் கழித்து தாட்சாயிணி முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். கடைக்குப் போகும்போது வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சுசீலா இதை ஊர்முழுக்கச் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் அதே தெரு மங்களத்திடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அந்த வாரமே கோவிலில் தாட்சாயிணி கொண்டுபோன சுண்டலைப் பாத்திரத்தோடு ஓர் ஓரமாக வைத்துவிட்டார்கள். யாரும் தொடவில்லை. அவள் அதை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தமும் அவளுமாக இரண்டு வேளை அதையே சாப்பிட்டார்கள்.

மரத்தில் நடந்தது வேறு.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்தது. அரிசிக் குருணையில் பாதிகூட இருக்காது. வெள்ளிபோல வெளுத்த இறகு. இறகின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது தளிரின் நடுநரம்பை ஒட்டி முட்டை வைத்தது. பார்த்தால் தண்ணீர்த்துளி என்றுதான் தோன்றும். முட்டையிலிருந்து வந்த புழு வெளியே வரவில்லை. நேராக இலைக்குள் போனது. இலைக்கு மேல்தோல் உண்டு, கீழ்த்தோல் உண்டு. இரண்டுக்கும் நடுவே தின்றுகொண்டே ஊர்ந்தது. போன இடமெல்லாம் தோல் பிரிந்து வெளுத்தது. அதுதான் அந்த வெள்ளைக் கோடு. கோட்டின் நடுவே மெல்லிய கறுப்பு இழைபோல அதன் எச்சம் கிடந்தது. வளர வளரக் கோடும் அகலமானது. தின்று முடித்ததும் இலை ஓரத்துக்கு வந்தது. ஓரத்தைத் தன்மேல் மடித்துக்கொண்டு உள்ளே தூங்கியது.

அந்த மரத்தில் இப்படிப் பல புழுக்கள் இருந்தன. எதுவும் தாட்சாயிணியின் கையிலிருந்து வரவில்லை.

நிவேதிதா போனில் தினமும் பேசுவாள். பெரியம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்பாள். சுசீலா பேச்சை மாற்றுவாள். மகள் வந்தால் சண்டை போடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, எதற்கும் ஆதாரம் கேட்கிற பெண். அதனால் சுசீலா ஆதாரம் எடுத்து வைத்தாள். கோடு நன்றாகத் தெரிந்த, ஓரம் சுருண்ட இலைகளாகப் பார்த்துக் கிள்ளினாள். விரலில் படாமல் காகிதத்தால் பிடித்துக் கிள்ளினாள். கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடினாள். அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

பிறகு வேலைகள் வந்தன. வளையல் சொல்ல வேண்டும், பந்தல் சொல்ல வேண்டும். பாட்டில் அங்கேயே இருந்தது.

வளைகாப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை நிவேதிதா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். சுவரருகே நின்று, பெரியம்மா என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கக் கதவு சாத்தியிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. வெட்டிய கிளையின் முனையைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுப்படிக்கு வந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். சுசீலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். போனில் நீ பேச்சை மாற்றும்போதே தெரிந்தது, மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது ஒன்றுமில்லையா என்று மகள் கேட்டாள். மாதக்கணக்கு எல்லாம் இல்லை, ஆவணியிலிருந்துதான் என்றாள் சுசீலா. பிறகு எல்லாம் வெளியே வந்தது. பிள்ளையைச் சுமக்கிறவளுக்குச் சந்தனம் பூசிக் கன்னத்தைத் தொட வேண்டும், கையைப் பிடித்து வளையல் ஏற்ற வேண்டும், அந்தக் கையால் எப்படி என்று கேட்டாள்.

"அவங்க பால் குடிச்சு வளந்தவம்மா நான்."

"அப்போ அவங்களுக்கு இது இல்ல. இப்போ கீது."

நிவேதிதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும். இறங்கிய குரலிலேயே சொன்னாள்.

"எங்க டீம்ல விஷால்னு ஒருத்தன். மொகம் பாதி வெள்ளை. பக்கத்து சீட்டு. ரெண்டு வருஷமா அவன் டப்பாவுலதான் நான் சாப்பாடு எடுத்துத் தின்னுறேன். வெண்புள்ளி ஒட்டாதும்மா. குஷ்டமும் கிடையாது. உடம்பு தன்னோட நெறத்தத் தானே அழிச்சிக்குது, அவ்ளோதான். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். பெரிம்மாவுக்கு வந்தப்பவே கேட்டேன்."

"டாக்டரு சொல்லுவாரு. நீ இதப் பாரு."

சுசீலா ஸ்டூலைத் தேடினாள். மகள் அதில் உட்கார்ந்திருந்தாள். எக்கி நின்று பாட்டிலை எடுத்தாள். மகளின் கையில் வைத்தாள்.

"அவங்க தண்ணி ஊத்துன செடி. நல்லாப் பாரு."

நிவேதிதா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இலைகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. கோடுகள் அழியவில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள். பாட்டிலை மெதுவாகத் திருப்பினாள்.

"அம்மா. உள்ள ஏதோ நடக்குது."

சுசீலா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பாட்டிலின் உட்பக்கம் உமித் துகள்போல ஒன்று ஒட்டியிருந்தது. அது நகர்ந்தது. இன்னொன்று மூடியின் கீழே உட்கார்ந்திருந்தது. வெள்ளி இறகு, நுனியில் மை வைத்ததுபோல ஒரு புள்ளி. இறுக மூடிய பாட்டில். அவளே மூடியது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போயிருக்க முடியாது.

நிவேதிதா ஓர் இலையை மட்டும் வெளியே எடுத்தாள். சுருண்ட ஓரத்தை நகத்தால் பிரித்தாள். உள்ளே வெற்றுக்கூடு இருந்தது. கோட்டின் அகலமான முனை அங்கே வந்து முடிந்திருந்தது. அங்கிருந்து அவள் நகத்தைப் பின்னோக்கி நகர்த்தினாள். கோடு வளைந்தது, திரும்பியது, மெலிந்தது. நடுநரம்பின் அருகே மயிரிழையாகித் தொடங்கிய இடத்தில் விரல் நின்றது.

"இங்க பொறந்திருக்கு. இங்க வரைக்கும் தின்னுக்கிட்டே நடந்திருக்கு. இங்க தூங்கியிருக்கு."

சுசீலா இலையைத் தன் கையில் வாங்கினாள். காகிதம் தேடவில்லை. தன் விரலாலும் அந்தக் கோட்டைத் தடவினாள். ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம். ஒரு புழு நடந்த தடம். வேறெதுவும் இல்லை.

அவளுக்குக் கோவில் சுண்டல் நினைவுக்கு வந்தது. சாக்கடையில் விழும் தண்ணீரின் சத்தமும் வந்தது. அடுப்பில் குக்கர் கத்தியது. அவள் அதை அணைக்கவில்லை. நிவேதிதாதான் எழுந்து அணைத்தாள்.

சாயங்காலம் சுசீலா பாட்டிலை மரத்தடிக்கு எடுத்துப்போய் மூடியைத் திறந்தாள். பூச்சிகள் உடனே போகவில்லை. பாட்டிலின் வாயோரம் வந்து நின்றன. காற்று வந்தபோது ஒன்று போனது. அது போன திசை தெரியவில்லை. அவ்வளவு சின்னது.

உத்தமன் பின்படியில் நின்று பார்த்தான். மகள் அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"திரும்பிப் போயி நம்ம செடியிலயேதான் முட்ட போடும்" என்றான்.

"போட்டா போட்டுப் போவுது. நாலு எல சுருளும். மரம் சாவாது."

அவன் வெட்டிய கிளைகளின் முனையைப் பார்த்தான். "நான் வெட்டியிருக்கக் கூடாது, சுசீ" என்றான். உள்ளே போய்விட்டான். சுசீலா கொல்லை அலமாரியிலிருந்து நீல மக்கை எடுத்து வந்து சுவரின் மேல் வைத்தாள்.

பிறகு முகம் கழுவினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச்சிமிழ் வைத்தாள். சுவரைத் தாண்டப் போனவள் நின்றாள். அந்த வழியாகப் போகும் உரிமை தனக்கு இப்போது இல்லை என்று தோன்றியது. தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். மங்களம் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். சுசீலா அவளும் பார்க்கும்படியாகவே தட்டைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

தாட்சாயிணி திறந்தாள். முழுக்கை ரவிக்கை. வலது கை முந்தானைக்குள் இருந்தது. முன்வாசலில் சுசீலாவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. உள்ளே வா என்றாள். சுசீலா வரவில்லை. சொல்லிவிட்டு வருகிறேன் என்று நிலைப்படியிலேயே நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பூக்காரி சொன்னது, தான் நம்பியது, மக்கை எடுத்து ஒளித்தது, கிளையை வெட்டச் சொன்னது, மங்களத்திடம் பேசியது. இலைகளைப் பாட்டிலில் அடைத்ததையும், அதில் பூச்சி வந்ததையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. தாட்சாயிணி கதவைப் பிடித்தபடி கேட்டாள். மங்களத்தின் பெயர் வந்தபோது மட்டும் தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒங்க கையிலருந்து யாருக்கும் எதுவும் ஒட்டலக்கா" என்றாள் சுசீலா. "வாயிலருந்துதான் ஒட்டிச்சு. பூக்காரி வாயிலருந்து எனக்கு. என் வாயிலருந்து அவருக்கு, மங்களத்துக்கு, தெருவுக்கு. தொட்டா வராத நோவுக்குப் பயந்து ஒங்களத் தொடாம வச்சேன். அதான் பெரிய நோவு. அத நான்தான் குட்த்தேன்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"நாயித்துக்கெழம காலைல. மொதல் வளையல் நீங்கதான் போடணும். நிவி வேற யாருக்கும் கைய நீட்ட மாட்டேன்னுட்டா" என்றாள் சுசீலா. "எனக்கும் வேற யாரும் வேணாம்."

தாட்சாயிணி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். விரல்கள் நடுக்கணுவரை வெளுத்திருந்தன. அவள் அவற்றை மறைக்கவில்லை. குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வழக்கப்படி சுசீலாவுக்கும் வைத்தாள். சுசீலா கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதும் படுகிற விரல்தான். இளஞ்சூடாக இருந்தது.

"நிவிப் பிள்ளைக்குப் பச்சை வளையல்னாதான் இஷ்டம்" என்றாள் தாட்சாயிணி. "நானே வாங்கிட்டு வாரேன். நீ எடுத்துராத."

சுசீலா தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினாள்.

"சுசீலா."

திரும்பிப் பார்த்தாள். தாட்சாயிணியின் குரலில் கோபம் இல்லை. தட்டிலிருந்து எடுத்த வெற்றிலையை அவள் விரல்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அந்தப் பூச்சி வெளிய வராமலே செத்திருந்தா, நீ வந்திருப்பியா?"